கார்லோஸ் கிளைபர்: கோல் சும்மா நிற்கும் இடங்கள்

1983ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமின் கான்சர்ட்கெபோ அரங்கில், அந்த அரங்கின் பெயரையே தாங்கிய இசைக்குழுவைக் கொண்டு கார்லோஸ் கிளைபர் பீத்தோவனின் நான்காம், ஏழாம் சிம்பொனிகளை நடத்தினார். அதன் ஒளிப்பதிவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. முதலில் அவருடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையிலுள்ள கோல் காற்றில் பெரிய வட்டங்களை வரைவதும், இடது கை வயலின்களை நோக்கி நீண்டு ஒரு சொற்றொடரை ஏந்தி மெல்ல இறக்கி வைப்பதும் கண்ணை வேறெங்கும் போகவிடவில்லை. பல முறை பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஏழாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில், குழு முழுவதும் உச்ச வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர் இடது கையால் முதுகுக்குப் பின்னாலுள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்டச் சும்மா நிற்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே அவர் தாளம் காட்டுவதில்லை. முகம் மட்டும் மலர்ந்திருக்கிறது. இசை இம்மியும் தளர்வதில்லை.

நடத்துநர் என்றால் தாளம் காட்டுபவர் என்ற எண்ணத்தோடுதான் நான் மேற்கத்திய சாஸ்திரிய இசைக்குள் நுழைந்தேன். எண்பது பேர் ஒன்றாக வாசிக்க வேண்டுமானால் ஒருவர் எண்ணிக்கை காட்டித்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். கிளைபரின் பதிவுகளைப் பார்க்கப் பார்க்க அந்த எண்ணம் கரைந்துபோனது. தேர்ந்த இசைக்குழுவுக்குத் தாளம் தானாகவே தெரியும். ஒரு சொற்றொடர் எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே நோக்கிப் போகிறது என்பதை எல்லோரும் ஒரே மாதிரி உணரும்படி செய்வதுதான் நடத்துநரின் வேலை. அந்த உணர்வு குழுவுக்குள் இறங்கிவிட்டால் கோல் ஓய்வெடுக்கலாம். கிளைபர் இதைக் கச்சேரி மேடையில் கற்றுக்கொள்ளவில்லை, பாட்டாகவே நடிக்கப்படும் இசை நாடகமான ஓபராவின் அரங்கில் கற்றுக்கொண்டார் என்பதே என் எண்ணம். அவருடைய சிம்பொனிகளைத் தனியாகவும் ஓபராக்களைத் தனியாகவும் வைத்துப் பேசுவது எனக்கு எப்போதும் குறையாகவே படுகிறது.

அவர் 1930இல் பெர்லினில் பிறந்தார். தந்தை எரிஷ் கிளைபர் பெர்லின் அரசு ஓபராவின் தலைமை இசை நடத்துநர். ஆல்பன் பெர்க்கின் 'வோட்செக்' ஓபராவை 1925 டிசம்பரில் முதன்முதலாக மேடையேற்றியவர். நாஜி ஆட்சி பெர்க்கின் இசையைச் 'சீர்கெட்ட கலை' என்று ஒதுக்கியபோது, எரிஷ் 1934இல் பெர்க்கின் 'லுலு' ஓபராவிலிருந்து எடுத்த இசைத் தொகுப்பைப் பெர்லினில் நடத்திக் காட்டிவிட்டுப் பதவியை உதறினார். குடும்பம் பிறகு அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்தது. கார்ல் என்று பெயரிடப்பட்ட சிறுவன் அங்கே கார்லோஸ் ஆனான். மகன் இசைக்கு வருவதைத் தந்தை விரும்பவில்லை. கார்லோஸ் ஜூரிக்கில் வேதியியல் படிக்கச் சேர்ந்தார். ஆனால் அதில் நிலைக்கவில்லை. மியூனிக்கின் கேர்ட்னர்பிளாட்ஸ் அரங்கில் பாடகர்களுக்குப் பியானோவில் பாடம் ஏற்றும் உதவியாளராகத் தொடங்கி, பாட்ஸ்டாமில் 'கார்ல் கெல்லர்' என்ற புனைபெயரில் ஓர் இசை நாடகத்தை நடத்தினார். தந்தையின் பெயர் தன் தோளில் உட்காரக் கூடாது என்று அவர் கருதியிருக்க வேண்டும். பின்னர் டியூசல்டார்ஃப், ஜூரிக், ஸ்டுட்கார்ட், மியூனிக் என்று தொடர்ந்து ஓபரா அரங்குகள். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி இசைத்தட்டு வந்து உலகமே அவர் பெயரைச் சொல்லத் தொடங்குவதற்கு முன், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் மேடைக்கு முன்னால் வாத்தியக் குழு உட்காரும் பள்ளத்தில் நின்று பாடகர்களின் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பள்ளத்தில் நிற்பவரின் நிலைமையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கச்சேரி மேடையில் எல்லோரும் நடத்துநரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஓபராவிலோ பாடகர் நடந்துகொண்டு, சண்டையிட்டுக்கொண்டு, சில சமயம் முதுகைக் காட்டிக்கொண்டு பாடுகிறார். சேர்ந்திசைக் குழு மேடையின் பின்புறத்தில் நிற்கிறது. திரைக்குப் பின்னால் இன்னொரு வாத்தியக் குழு ஒலிக்கிறது. புச்சினியின் 'லா போஹேம்' இரண்டாம் அங்கத்தில் தெருக்கூட்டம், குழந்தைகள், கடைக்காரர்கள், மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள், கடைசியில் ஊர்வலமாக வரும் படை வாத்தியம் என எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். கிளைபர் 1988இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் அறிமுகமானது இந்த ஓபராவின் வழியாகத்தான். மேடையில் பவரொட்டியும் மிரெல்லா ஃப்ரெனியும் இருந்தார்கள். இவ்வளவையும் ஒரே எண்ணிக்கையில் கட்டிப்போட முயன்றால் இசை விறைத்துப்போகும். பாடகி உச்சச் சுரத்தில் அரை நொடி கூடுதலாக நிற்க விரும்பினால், அதை அவர் தோள் உயர்வதிலேயே கண்டுகொண்டு, அறுபது பேரையும் அவரோடு காத்திருக்க வைக்க வேண்டும்.

இதை மிகத் தெளிவாகக் கேட்கக்கூடிய இடம் 'லா டிராவியாட்டா'. வெர்டியின் இந்த ஓபரா, பல பிரிவுகளாகப் பிரிந்த வயலின்கள் மிக மெல்ல வாசிக்கும் முன்னிசையோடு தொடங்குகிறது. நாயகி சாகக் கிடக்கும் கடைசி அங்கத்தில் வரவிருக்கும் இசை அது. அதைத் தொடர்ந்து வரும் மெட்டு, இரண்டாம் அங்கத்தில் வியோலெட்டா தன் காதலனைப் பிரியுமுன் 'என்னை நேசி, ஆல்ஃபிரெடோ' என்று கதறும்போது முழு வலிமையோடு திரும்ப வருகிறது. 1976-77இல் மியூனிக்கில் இலியானா கொட்ரூபாஷ், பிளாசிடோ டொமிங்கோ ஆகியோருடன் கிளைபர் பதிவு செய்த இசைத்தட்டில் அந்தக் கதறலுக்கு முந்தைய பக்கங்களைக் கேளுங்கள். அடியில் தந்தி வாத்தியங்கள் நடுங்குகின்றன, வேகம் மெல்ல மெல்ல நெருக்குகிறது, அவள் வாயைத் திறக்கும் கணத்தில் குழு முழுவதும் பின்வாங்கி இடம்விடுவதுபோல ஒரு நொடி தோன்றிப் பிறகு அவளோடு சேர்ந்து பெருகுகிறது. வேகமாக நடத்துபவர் என்று கிளைபரைச் சிலர் சொல்வதுண்டு. எனக்குக் கேட்பது வேகம் அல்ல. அடுத்த சொல் எப்போது வரும் என்று காத்திருக்கும் ஒருவரின் பதற்றம்.

வெர்டியின் 'ஒதெல்லோ' வேறு வகையான சோதனை. அதற்கு முன்னிசையே கிடையாது. திரை உயர்ந்ததும் புயல். ஆர்கனின் ஆழத்தில் அடுத்தடுத்த மூன்று சுரங்கள் ஒன்றாக அழுத்தப்பட்டு, அந்தப் புயல் ஓயும்வரை எடுக்கப்படாமலே ஒலித்துக்கொண்டிருக்கும்படி வெர்டி எழுதியிருக்கிறார். இசையாகக் கேட்காமல் வயிற்றில் உணரப்படும் உறுமல் அது. 1976 டிசம்பர் 7 அன்று மிலானின் லா ஸ்காலா அரங்கின் பருவத் தொடக்கத்தில் கிளைபர் இதை நடத்தினார். டொமிங்கோ, ஃப்ரெனி, கப்புச்சில்லி பாடினார்கள், மேடையாக்கம் ஜெஃபிரெல்லி. பதிவின் ஒலித்தரம் பழையதுதான். ஆனாலும் அந்த முதல் அடியில் அரங்கம் திடுக்கிடுவதை இன்றும் உணர முடிகிறது. எனக்கு அதைவிட வியப்பைத் தருவது புயல் முடிந்தபின் அந்தப் பெருங்குழுவே ஓய்ந்து, முதல் அங்கத்தின் இறுதியில் நான்கு செல்லோக்கள் மட்டும் காதலர்களுக்கு அருகில் பேசுவதுபோல ஒலிக்கும் இடம். பெரும் இரைச்சலை உண்டாக்குவது அதைவிட எளிது.

1974 முதல் 1976 வரை, வாக்னரின் ஓபராக்களுக்கென்றே நடக்கும் பைராய்ட் விழாவில் அவர் வாக்னரின் 'டிரிஸ்டான் உண்ட் இசோல்ட' ஓபராவை நடத்தினார். பைராய்ட்டின் பள்ளம் மேடைக்கு அடியில் இறங்கிச் செல்வது. மேலே மூடாக்கு உண்டு. பார்வையாளர்களுக்கு நடத்துநரோ வாத்தியக்காரர்களோ தெரியமாட்டார்கள். ஒலி முதலில் மேடையை அடைந்து, பாடகரின் குரலோடு கலந்து, பிறகு அரங்கத்துக்கு வருகிறது. ஆகவே பள்ளத்தில் நிற்பவர் தன் காதில் விழுவதை நம்பித் தாளம் காட்ட முடியாது. மேடைக்குப் பின்னால் இருப்பவர்கள் நடத்துநரைப் பார்ப்பதற்காக வைக்கப்பட்ட கேமராவின் கறுப்பு வெள்ளைப் படத்தில் சில நிமிடங்கள் இன்று பார்க்கக் கிடைக்கின்றன. பார்வையாளர் எவரும் தன்னைக் காணமாட்டார் என்று தெரிந்த ஒரு மனிதரின் முகம் அதில் இருக்கிறது. அவருடைய அசைவுகள் அழகுக்காகச் செய்யப்பட்டவை என்று எண்ணுகிறவர்கள் அந்த நிமிடங்களைப் பார்க்க வேண்டும். அங்கேயும் அதே வளைவுகள், அதே தவிப்பு, அதே திடீர் நிறுத்தம்.

இப்போது கச்சேரிக்கு வருகிறேன். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கம் எல்லோருக்கும் தெரியும். அது சமத்தில் தொடங்குவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. முதல் அட்சரத்தில் ஒரு சிறு மௌனம். அதைத் தள்ளித்தான் எடுப்பு. வேகமும் கடுமையானது. எல்லோரும் ஒன்றாக அந்த மௌனத்தை உணர்ந்து, ஒன்றாக அதிலிருந்து பாய வேண்டும். நடத்துநரின் ஒற்றை வீச்சில் வேகம், கனம், சீற்றம் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். 1974இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவோடு கிளைபர் செய்த பதிவில் அந்த நான்கு சுரங்களும் ஓர் அறிவிப்பாக நின்றுவிடாமல், அடுத்து வருவதற்குள் உடனே பாய்ந்துவிடுகின்றன. நீட்டி நிறுத்த வேண்டிய சுரத்தை அவர் நீட்டுகிறார். இரண்டாம் முறை பீத்தோவன் எழுதியபடியே இன்னும் கூடுதலாக நீட்டுகிறார். ஆனால் அந்த நீட்டலில் ஓய்வு இல்லை. நாடக மேடையில் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு எதிரிலிருப்பவரைப் பார்ப்பதுபோன்ற நிறுத்தம் அது. இருபது ஆண்டுகள் மேடையைப் பார்த்து நின்றவருக்கு வாய்ப்பது இது.

ஏழாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி முடியும் இடத்தில் அவர் செய்யும் ஒரு தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழக்கமான பதிப்புகளின்படி, வயலின்கள் விரலால் தந்தியைச் சுண்டி வாசித்துவிட்டுக் கடைசிச் சில சுரங்களுக்கு வில்லுக்குத் திரும்புகின்றன. கிளைபர், தந்தை எரிஷைப் போலவே, இறுதிவரை சுண்டியே வாசிக்கச் செய்கிறார். முழு நீளமாய் ஒலிக்க வேண்டிய ஒரு துயரம் உலர்ந்த சில துளிகளாக விழுந்து முடிகிறது. இது சரியா என்று அறிஞர்கள் வாதிடலாம். எனக்கு அது தவறாகப் பட்டதில்லை. வில்லால் முடியும் பதிவுகளைக் கேட்கும்போது இப்போது எனக்குத்தான் ஏதோ அதிகமாகச் சொல்லப்பட்டுவிட்டதுபோல இருக்கிறது.

பிராம்ஸின் நான்காம் சிம்பொனியை அவர் 1980இல் வியன்னாவில் பதிவு செய்தார். 1996இல் மியூனிக்கில் மீண்டும் நடத்தியது படமாகவும் இருக்கிறது. பிராம்ஸ் இதற்கு நான்கு அளவுகள் (தாளச் சுற்றுகள்) கொண்ட ஒரு சிறு முகப்பை எழுதிப் பார்த்துவிட்டு அடித்துவிட்டார். ஆகவே இந்தச் சிம்பொனி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், இறங்கி ஏறும் இரண்டிரண்டு சுரங்களாக, நடுவிலிருந்து தொடங்குவதுபோலத் தொடங்குகிறது. கிளைபர் அதைத் 'தொடக்கி வைப்பதில்லை'; ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றைத் திறந்துவிடுவதுபோல அவருடைய கை இறங்குகிறது. கடைசிப் பகுதியோ எட்டு அளவுகள் கொண்ட ஒரே அடித்தளத்தின் மேல் முப்பது மாறுதல்களாகக் கட்டப்பட்டது. டிராம்போன் என்னும் பித்தளை ஊதுகருவிகள் அதுவரை காத்திருந்துவிட்டு இங்குதான் வாயைத் திறக்கின்றன. பன்னிரண்டாம் மாறுதலில் புல்லாங்குழல் தனியே பாடும் இடத்தில், மியூனிக் படத்தில், அவர் அந்த வாத்தியக்காரருக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார் என்று பாருங்கள். ஓபராவில் நாயகிக்குக் கொடுக்கும் இடம் அது.

இந்தச் சுதந்திரம் இலேசாக வந்ததல்ல. 1970இல் ஸ்டுட்கார்ட் வானொலிக் குழுவோடு அவர் 'டெர் ஃப்ரைஷூட்ஸ்', 'டி ஃப்ளேடர்மவுஸ்' ஆகியவற்றின் முன்னிசைகளுக்கு நடத்திய ஒத்திகைகள் படமாக்கப்பட்டிருக்கின்றன. வழக்கத்தைவிட அதிக ஒத்திகை கேட்பவர் என்று அவருக்குப் பெயர். அந்தப் படத்தில் அவர் ஓயாமல் நிறுத்துகிறார். 'இங்கே சத்தம் குறைவாக' என்று சொல்வதோடு விடாமல், அந்த இசை என்ன பேசுகிறது, யார் பேசுகிறார், என்ன மனநிலையில் பேசுகிறார் என்று கதையாகவும் உவமையாகவும் சொல்லிக்கொண்டே போகிறார். குழுவினர் சிலரின் முகத்தில் சலிப்பு தெரிகிறது. பத்து நிமிடம் கழித்து அதே வரியை வாசிக்கும்போது அவர்களுக்கே அது புதிதாகக் கேட்கிறது. ஒத்திகையில் இத்தனை சொல்லி வைத்ததால்தான் கச்சேரியில் அவர் சும்மா நிற்க முடிந்தது. நிகழ்ச்சிகளுக்கு இடையில் வாத்தியக்காரர்களின் மேசைகளில் சிறு குறிப்புகளை எழுதி வைக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அந்தச் சீட்டுகளைப் பலர் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

இதே தன்மை முறிந்த தருணங்களும் உண்டு. 1982இல் வியன்னாவில் பீத்தோவனின் நான்காம் சிம்பொனி ஒத்திகையில், இரண்டாம் பகுதியின் தாள வடிவம் 'தெரேஸ்' என்ற பெயரை உச்சரிப்பதுபோல ஒலிக்க வேண்டும் என்று கேட்டார். குழு வாசித்தது 'மரீ' என்று ஒலிப்பதாக அவருக்குப் பட்டது. கச்சேரியையே விட்டுவிட்டுப் போய்விட்டார். டிரெஸ்டனில் 'டிரிஸ்டான்' இசைத்தட்டுப் பதிவிலிருந்தும் பாதியில் வெளியேறினார். எடுத்தவரை இருந்த ஒலிநாடாக்களைக் கொண்டே அது 1982இல் வெளிவந்தது. அதன்பின் அவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போகவில்லை. 1981இல் லண்டனில் நடத்திய கச்சேரியைப் பத்திரிகை விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கிய பிறகு லண்டன் குழு எதனோடும் கச்சேரி செய்யவில்லை. 1989இல் காராயனுக்குப் பிறகு பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமையை ஏற்கும்படி கேட்டபோதும் மறுத்துவிட்டார். இவற்றையெல்லாம் அகந்தை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தன் மனத்துக்குள் கேட்ட இசைக்கும் வெளியே ஒலித்ததற்கும் இடையிலிருந்த இடைவெளியை அவரால் தாங்க முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் நடத்திய இசைக்குழுக் கச்சேரிகள் நூற்றைக்கூட எட்டவில்லை. எனக்குள்ள வருத்தம் வேறு: எடுத்துக்கொண்ட படைப்புகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. மாலரின் படைப்புகளில் 'பூமியின் பாடல்' மட்டும், அதுவும் 1967இல் வியன்னாவில்; புரூக்னரின் சிம்பொனி ஒன்றுகூட இல்லை. தந்தை நடத்தியவற்றையே, தந்தையின் குறிப்புகள் நிறைந்த பிரதிகளை வைத்துக்கொண்டு, அவர் பெரும்பாலும் சுற்றிவந்தார். 'வோட்செக்'கை 1970இல் மியூனிக்கில் நடத்தியபோதும் அந்த நிழல் அவரோடு இருந்திருக்கும்.

1989, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வியன்னாவின் புத்தாண்டுக் கச்சேரிகளை அவர் நடத்தினார். ஸ்ட்ராஸ் குடும்பத்தின் வால்ட்ஸ் என்ற மூன்றடித் தாள நடன இசையில் இரண்டாம் அடி சற்று முந்தி விழ வேண்டும் என்பது வியன்னா மரபு. எவ்வளவு முந்த வேண்டும் என்பதை எழுதி வைக்க முடியாது. அவர் அதை எழுதவும் இல்லை, அடித்துக் காட்டவும் இல்லை. தோளை ஒரு பக்கம் சாய்க்கிறார், வந்துவிடுகிறது. யோசஃப் ஸ்ட்ராஸின் 'தும்பி' என்ற சிறு படைப்பை 1989இல் அவர் நடத்தியதைத் தனியாகத் தேடிக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் திரும்பிப் போவது, அந்தக் குடும்பத்தைச் சேராத ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டெர் ரோசன்கவலியர்' ஓபராவுக்குத்தான். எரிஷ் கிளைபர் 1954இல் வியன்னாவில் செய்த அதன் பதிவு புகழ்பெற்றது. மகனுக்கும் அது வாழ்நாள் துணையானது. 1979இல் மியூனிக்கில் க்வினெத் ஜோன்ஸ், பிரிகிட்டெ ஃபாஸ்பேண்டர், லூச்சியா பாப் பாடியதும், 1994 மார்ச்சில் வியன்னாவில் ஃபெலிசிட்டி லாட், ஆன் சோஃபி ஃபான் ஓட்டர், பார்பரா பானி பாடியதும் படங்களாக இருக்கின்றன. நடுவயதை நெருங்கும் சீமாட்டி ஒருத்தி, தன் இளம் காதலன் ஒரு நாள் இன்னொருத்தியிடம் போவான் என்று முன்னமே அறிந்திருக்கிறாள். முதல் அங்கத்தில் அவள் காலத்தைப் பற்றிப் பேசும்போது, சில இரவுகளில் எழுந்துபோய் வீட்டிலுள்ள கடிகாரங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதாகச் சொல்கிறாள். அங்கே குழு ஒடுங்கிவிடுகிறது. யாழும், விசைப்பலகை வாத்தியமான செலெஸ்டாவும் மணியடிப்பதுபோலச் சில சுரங்களை மட்டும் சொட்டுகின்றன. 1979 பதிவில் அந்த இடம் இசைக்குள் ஏதோ உடைந்துவிட்டதுபோல ஒலிக்கிறது. 1994இல் உடைவு இல்லை. அவள் நிறுத்திய கடிகாரம் மறுபடி ஓடத்தான் போகிறது என்பதை ஒத்துக்கொண்ட அமைதி இருக்கிறது. இடையில் பதினைந்து ஆண்டுகள் போயிருந்தன. எனக்கு வியன்னா பதிவுதான் நெருக்கம்.

மூன்றாம் அங்கத்தின் மூவர் பாடலில் சீமாட்டி தன் காதலனை அந்த இளம்பெண்ணுக்கு விட்டுக்கொடுக்கிறாள். காதலன் வேடத்தையும் பாடுவது ஒரு பெண்தான். மூன்று பெண் குரல்களும் ஒன்றையொன்று தழுவி ஏறும். அடியில் பெருங்குழு அலையலையாக எழும். உச்சத்தில் குரல்கள் மூழ்கிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. கிளைபர் அந்த உச்சத்தை நோக்கி அவசரப்படுவதில்லை. சீமாட்டியாகப் பாடும் லாட் ஒவ்வொரு முறை மூச்சு வாங்கும்போதும் குழுவும் மூச்சு வாங்குகிறது. உச்சம் வந்து தணிந்தபின், இளைய இருவர் மட்டும் மிக எளிய ஒரு மெட்டைப் பாடுகிறார்கள். இரண்டாம் அங்கத்தில் அவன் அவளிடம் வெள்ளி ரோஜாவைக் கொடுத்தபோது மின்னிய சுரங்கள் செலெஸ்டாவில் மறுபடி தூவப்படுகின்றன.

அதே ஆண்டு அக்டோபரில் வியன்னா ஓபரா டோக்கியோவுக்குச் சென்றபோது அவர் இதை ஆறு முறை நடத்தினார். அதன்பின் எந்த ஓபராவையும் அவர் நடத்தவில்லை. 1999இல் கலியரியில் நடந்ததோடு கச்சேரிகளும் முடிந்தன. 2004 ஜூலையில், மனைவி இறந்து சில மாதங்களில், ஸ்லோவேனியாவில் காலமானார். டோக்கியோவில் அந்த ஆறு இரவுகளிலும் அவருடைய கோல் கடைசியாகக் காட்டியது இதைத்தான்: காதலர்கள் ஓடிப்போய்விட்டார்கள், மேடை வெறிச்சோடியிருக்கிறது, ஒரு சிறுவன் மெழுகுவர்த்தியை ஏந்திக்கொண்டு குதித்துக் குதித்து வருகிறான், அந்த இளம்பெண் தவறவிட்டுப் போன கைக்குட்டையைத் தேடுகிறான், கண்டெடுக்கிறான், உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுகிறான்.